எட்டுப் பட்டங்கள் யாருக்குச் சொந்தம்? டாலியன் கால்பந்து கிளப்பின் கதை

#1 கடற்காகம்

ஆசிய கிளப்புகளின் பட்டப் பட்டியலை நாம் சேர்ந்து தயாரித்துக்கொண்டிருக்கிறோம் இல்லையா, அதில் சீனா பகுதி என் பொறுப்பு. ஒரு வரியில் வந்து நிற்கிறேன். அதை இங்கே பேசித் தீர்த்துக்கொண்டு மேலே போகலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சீனாவில் 1994 இல் தொழில்முறை லீக் தொடங்கியது. அன்றிலிருந்து அதிகப் பட்டம் வென்றவை இரண்டு கிளப்புகள். டாலியன் 8, குவாங்சோ 8. இன்று இரண்டுமே உயிரோடு இல்லை. டாலியன் ஷிடே 2013 ஜனவரியில் கலைக்கப்பட்டது. குவாங்சோ 2025 ஜனவரியில் லீக் அனுமதி கிடைக்காமல் வெளியேறியது. குவாங்சோ பற்றி, இத்தாலியப் பயிற்சியாளர் லிப்பி, முதலாளியான வீடு கட்டும் கம்பெனி எவர்கிராண்டின் கடன் என்று உலகமே எழுதிவிட்டது. டாலியனைப் பற்றி தமிழில் நான் எதையும் பார்த்ததில்லை. எனக்கு மனசுக்கு நெருக்கமான கிளப் அதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊர். வடகிழக்குச் சீனாவில், லியாவோனிங் மாகாணத்தின் தென்முனையில் இருக்கும் துறைமுகம். 1898 இல் ரஷ்யர்கள் குத்தகைக்கு எடுத்துக் கட்டினார்கள். 1905 இலிருந்து 1945 வரை ஜப்பானியர் கையில் இருந்தது. அந்த ஆட்சிக்கு நடுவிலேயே, 1920களில், ஊர்ச் சீனர்கள் இளைஞர் சங்கம் வைத்துக் கால்பந்து அணி நடத்தினார்கள். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சீனாவுக்காகத் தனி ஒருவராகப் போட்டியிட்ட ஓட்டக்காரர் லியு சாங்சுன் இந்த ஊர்க்காரர்தான். மஞ்சூகுவோ என்ற ஜப்பானியப் பொம்மை அரசின் சார்பில் ஓடமாட்டேன் என்று மறுத்தவர். அப்புறம் புரட்சிக்குப் பின் கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர் அணி ஊரின் பெருமையாக இருந்தது. நகரின் நடுவில் உள்ள தொழிலாளர் பூங்காவில் ஒரு மாபெரும் கால்பந்து உருவம் வைத்திருக்கிறார்கள். டாலியனின் அடையாளச் சின்னமே அதுதான்.

1992 ஜூனில் பெய்ஜிங் அருகே ஹோங்ஷான்கோ என்ற இடத்தில் சீனக் கால்பந்துச் சங்கம் கூடி, அணிகளை அரசு விளையாட்டுத் துறையிடமிருந்து பிரித்துத் தொழில்முறைக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தது. டாலியனில் அந்த வேலையைக் கையில் எடுத்தது வாண்டா என்ற உள்ளூர் வீடு கட்டும் நிறுவனம். 1988 இல் தொடங்கியது, உரிமையாளர் வாங் ஜியன்லின், முன்னாள் ராணுவ அதிகாரி. 1994 இல் ஜியா-ஏ என்ற பெயரில் முதல் தொழில்முறை லீக். மார்ல்பரோ சிகரெட் நிறுவனம்தான் விளம்பரதாரர். 12 அணிகள். முதல் பட்டமே டாலியன் வாண்டாவுக்கு.

1996, 1997, 1998 என்று தொடர்ந்து மூன்று. பெயர் ஷிடே என்று மாறிய பின் 2000, 2001, 2002. கடைசியாக 2005. மொத்தம் 8.

இப்போது அதே ஊரில் டாலியன் யிங்போ என்று ஒரு கிளப் இருக்கிறது. 2025 இல் சூப்பர் லீக்குக்கு, அதாவது சீனாவின் முதல் நிலை லீக்குக்கு ஏறியது. என் கேள்வி: நம் பட்டியலில் யிங்போவின் பெயருக்கு எதிரே அந்த 8 ஐப் போடலாமா? போடலாம் என்பது என் கருத்து. கிளப்பின் பெயர்ப்பலகை மாறலாம், ஊர் அதேதான், பார்க்க வரும் ஜனமும் அதேதான்.

#2 மையவட்டம்

நல்ல இழை, கடற்காகம். ஆனால் உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை.

யிங்போ 2005 இல் இல்லவே இல்லை. 2021 வாக்கில் ஜிஷிங் என்ற பெயரில் கீழ்நிலையில் தொடங்கிய தனி நிறுவனம் அது. ஷிடேயின் கடன் அதற்கு வரவில்லை, ஷிடேயின் ஒப்பந்தங்கள் வரவில்லை, உரிமம் வரவில்லை. நடுவில் இன்னொரு கிளப் வேறு வந்து போயிருக்கிறது. கடனை விட்டுவிட்டுக் கோப்பையை மட்டும் எடுத்துக்கொள்வது சரியா? சம்பளம் வராமல் போன ஆட்டக்காரரிடம் அந்தக் கிளப் செத்துவிட்டது என்று சொல்கிறார்கள். கோப்பையைக் கேட்டால் அதே கிளப் உயிரோடு இருக்கிறது என்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

#3 மாலைநேர ரசிகை

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். ஒரே கிளப்புக்கு ஏன் இத்தனை பெயர்? வாண்டா, ஷிடே, யிங்போ. ஜப்பானில் யூராவா கிளப் என்றால் என்றைக்கும் யூராவாதானே.

#4 வலது விங்

ரசிகை அக்கா, ஜப்பானையும் சீனாவையும் பிரிப்பதே இதுதான். ஜே லீக் 1993 இல் தொடங்கும்போதே கிளப்பின் பெயரில் கம்பெனிப் பெயர் கூடாது, ஊர்ப்பெயர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். சீனாவில் நேர் எதிர். அரசு மெல்ல விலக, யாராவது செலவு செய்தாக வேண்டும். செலவு செய்கிறவர் தன் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டார். டிக்கெட், டிவி உரிமை எல்லாம் சேர்ந்தாலும் சம்பளத்துக்கே காணாது. ஆனால் லீக் முடிவு வாசிக்கும் ஒவ்வொரு இரவும் நாட்டு டிவியில் கம்பெனிப் பெயர் ஒலிக்கும். நகர நிர்வாகத்தோடு உறவு பலப்படும். வீடு கட்டும் கம்பெனிகளுக்கு நிலம் வேண்டும், நிலம் நகர நிர்வாகத்தின் கையில். ரியல் எஸ்டேட்காரர்கள் ஏன் இத்தனை பேர் சீனக் கால்பந்துக்குள் வந்தார்கள் என்று கேட்டால் விடை இதற்குள் இருக்கிறது.

இதன் விளைவு என்னவென்றால், கிளப்புக்கென்று தனி வாழ்வு இல்லை. முதலாளிக்குச் சலிப்பு வந்தாலோ, கைதானாலோ, கடனில் மூழ்கினாலோ கிளப்பும் கூடவே போகும். டாலியன் கதையில் இந்த மூன்றும் வரிசையாக நடந்தன.

2020 டிசம்பரில்தான் சங்கம் விழித்துக்கொண்டு, அடுத்த பருவத்திலிருந்து கம்பெனிப் பெயர் கூடாது என்றது. 27 வருடம் தாமதம்.

#5 கடற்காகம்

வலது விங் சொன்ன மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். முதலில் வாண்டா காலம்.

அந்த அணி எவ்வளவு நல்ல அணி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1995 இலிருந்து 1997 வரை லீக்கில் தொடர்ந்து 55 ஆட்டங்கள் தோற்கவில்லை. 1996 பருவம் முழுவதும் தோல்வியே கிடையாது. பயிற்சியாளர் சி ஷாங்பின், ஊர்க்காரர். பாதுகாப்பில் ஜாங் என்ஹுவா, நடுவே லி மிங், வலப்புறம் பதின்ம வயது தாண்டாத சுன் ஜிஹாய். 1997 இல் ராணுவ அணியான பாயியிலிருந்து ஹாவ் ஹைடோங் வந்து சேர்ந்தார். சீன தேசிய அணிக்கு மிக அதிகக் கோல் அடித்தவர். இவர்களில் பெரும்பாலோர் டாலியன் தெருக்களிலும் பள்ளிகளிலும் விளையாடி வளர்ந்தவர்கள். பின்னால் வந்த குவாங்சோவின் பொற்காலத்தோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படும். அங்கே முரிகி, கோன்கா, எல்கெசன் என்று வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வாங்கி வந்தார்கள். இங்கே ஊரே ஆட்டக்காரர்களைக் கொடுத்தது.

1998 ஏப்ரலில் ஹாங்காங்கில் ஆசிய கிளப் சாம்பியன்ஷிப் இறுதி. எதிரணி கொரியாவின் போஹாங். 0-0. பெனால்டியில் தோற்றார்கள். அதை வென்றிருந்தால் இந்த அணியைப் பற்றி ஆசியா முழுக்க இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அதே வருடம் செப்டம்பர் 27. சீனக் கால்பந்துச் சங்கக் கோப்பை அரையிறுதி, இரண்டாவது ஆட்டம், எதிரணி அதே மாகாணத்தின் லியாவோனிங். நடுவர் மூன்று பெனால்டிகளை எங்களுக்குத் தரவில்லை என்பது டாலியன் தரப்பின் குற்றச்சாட்டு. ஆட்டம் முடிந்ததும் வாங் ஜியன்லின் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து, வாண்டா சீனக் கால்பந்திலிருந்து நிரந்தரமாக விலகுகிறது என்று அறிவித்தார். அந்தப் பருவம் லீக் பட்டம் அவர்களுக்குத்தான். வென்றுகொண்டிருக்கும் கிளப்பின் முதலாளி, லீக்கே நேர்மையாக நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதைச் சங்கம் அன்றைக்கே காதில் வாங்கியிருக்க வேண்டும்.

#6 மையவட்டம்

இந்த இடத்தில் கடற்காகத்தோடு ஒத்துப்போகிறேன். அன்று அதை ஒரு பணக்காரரின் கோபமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் பின்னால் என்ன நடந்தது? 2009 இல் தொடங்கிய விசாரணையில் சங்கத்தின் தலைமையில் இருந்த நான் யோங், ஷியே யாலோங் இருவரும் 2012 இல் சிறைத்தண்டனை பெற்றார்கள். 2002 உலகக் கோப்பையில் நடுவராக இருந்த லு ஜுன், 'தங்க விசில்' என்று கொண்டாடப்பட்டவர், லஞ்சம் வாங்கியதற்காக ஐந்தரை வருடம் உள்ளே போனார். 1998 ஆட்டத்தின் நடுவர் தவறு செய்தாரா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் விசில் மீது நம்பிக்கை போய்விட்டது என்பதற்கு அவ்வளவு சீக்கிரம் ஒருவர் சாட்சி சொன்னார்.

ஆனால் அதே நியாயத்தை எல்லாப் பக்கமும் கேட்க வேண்டும். 2000க்குப் பிறகு 'ஷிடே குடும்பம்' என்ற பேச்சு ஏன் வந்தது? ஒரே முதலாளியின் செல்வாக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளில் இருக்கிறது என்று மற்ற கிளப்புகளின் ரசிகர்கள் வருடக்கணக்கில் புகார் சொன்னார்கள். சிச்சுவான் அணியின் பெயர் அதில் அடிபட்டது. உங்கள் 8 இல் நான்கு அந்தக் காலத்தவை.

#7 பழைய மண்

நான் அதிகம் எழுதுவதில்லை. இதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

எல்லோரும் பட்டங்களைச் சொல்கிறீர்கள். டாலியன் என்றால் சீன ரசிகர்களுக்கு இன்னொரு நாளும் நினைவுக்கு வரும். 1997 செப்டம்பர் 13. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் இறுதிக் கட்டம், சீனா எதிர் ஈரான். இடம் டாலியனின் ஜின்சோ அரங்கம். ஊரே லீக்கில் ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்த காலம், அதனால்தான் அங்கே வைத்தார்கள். சீனா 2-0 என்று முன்னால் இருந்தது. முடிவு 2-4. 1998 பிரான்ஸ் கனவு அங்கே தொடங்கிச் சரிந்தது. அந்த ஆட்டத்தைப் பார்த்தால் இப்போதும் வயிற்றைப் பிசையும்.

கிளப் நாட்டின் மிகச் சிறந்த அணி. அதன் ஆட்டக்காரர்கள் தேசிய அணியின் முதுகெலும்பு. அப்படியும் தாண்ட முடியவில்லை. 2002 இல்தான் போனார்கள், இதுவரை அது ஒரே முறை. ஹாவ் ஹைடோங், சுன் ஜிஹாய் இருவரும் அதில் இருந்தார்கள்.

#8 கடற்காகம்

பழைய மண் ஐயா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. அந்த ஆட்டத்தைச் சொல்லாமல் டாலியன் கதையைச் சொல்ல முடியாது.

இப்போது ஷிடே. அதன் முதலாளி ஷூ மிங், 1971 இல் பிறந்தவர். ஜன்னல், கதவுகளுக்கான பிவிசி சட்டங்கள் தயாரிக்கும் கம்பெனி. 1999 பருவம் இடைக்காலம் மாதிரி போனது, அணி தடுமாறியது. 2000 இல் கிளப் முழுசாக அவர் கைக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. செர்பியாவிலிருந்து மிலோராட் கொசனோவிச் பயிற்சியாளராக வந்தார். தொடர்ந்து மூன்று பட்டம். 2001 இல் லீக்கோடு சங்கக் கோப்பையும் சேர்த்து இரட்டை. 2005 இல் விளாடிமிர் பெட்ரோவிச் காலத்தில் இன்னொரு இரட்டை.

அதோடு நின்றது. அந்த 2005 தான் கடைசி. ஏன் என்று பார்த்தால் பளிச்சென்று ஒரு காரணம் கிடைக்காது. 2004 இல் ஜியா-ஏ போய் சூப்பர் லீக் வந்தது, லீக்கின் மதிப்பே சூதாட்டத்தால் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. சுன் ஜிஹாய் 2002 இலேயே மான்செஸ்டர் சிட்டிக்குப் போய்விட்டார். அந்த வருடமே பர்மிங்காமுக்கு எதிராகக் கோல் அடித்து, இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் கோல் போட்ட முதல் கிழக்காசியர் ஆனார். ஹாவ் 2005 இல் வெறும் ஒரு பவுண்டுக்கு ஷெஃபீல்டு யுனைடெட் போனார். பழைய தலைமுறை போனது, அந்த இடத்தை நிரப்ப அடுத்தது வரவில்லை. 2009 இல் ஊர் நடுவில் இருந்த மக்கள் அரங்கத்தை இடித்துவிட்டார்கள். எனக்கு இதுவும் ஒரு பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. வேலை முடிந்து நடந்தே போய் ஆட்டம் பார்த்த ஊர் அது.

#9 வலது விங்

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன், அதாவது கைது.

போ ஷிலாய் 1990களில் டாலியன் மேயர். நகரை அழகுபடுத்தினார், கால்பந்தை நகரின் முகமாக்கினார். ஷூ மிங்கின் வளர்ச்சி அந்தக் காலத்தோடு பின்னிப்பிணைந்தது. பின்னாளில் சோங்கிங் நகரின் கட்சித் தலைவராக இருந்த போ ஷிலாய் 2012 மார்ச்சில் பதவி இழந்தார். அதே மாதம் ஷூ மிங்கையும் விசாரணைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போவின் குடும்பத்துக்கு அவர் கொடுத்த பணம், வெளிநாட்டு வீடு எல்லாம் 2013 வழக்கில் பேசப்பட்டன. ஷூ மிங் 2015 டிசம்பரில் சிறையிலேயே இறந்தார். வயது 44.

கிளப்பின் கதி? 2012 பருவத்தை எப்படியோ முடித்தார்கள். அதே ஊரில் ஆர்பின் என்று புதுக் கிளப், 2009 இல் தொடங்கி வருடத்துக்கு ஒரு படி ஏறி, 2012 இலேயே சூப்பர் லீக்குக்கு வந்து, பார்சிலோனாவிலிருந்து செய்டு கெய்டாவை வாங்கியிருந்தது. அவர்கள் ஷிடேயை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஒரே முதலாளி இரண்டு கிளப் வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கவில்லை. கடைசியில் 2013 ஜனவரியில் ஷிடே கலைக்கப்பட்டது, ஆட்டக்காரர்களில் ஒரு பகுதி ஆர்பினுக்குப் போனார்கள். 8 பட்டம் வென்ற கிளப்புக்கு ஒரு விடைபெறும் ஆட்டம்கூட இல்லை.

#10 மையவட்டம்

இதைத்தான் நானும் சொல்கிறேன், வலது விங். 2013 இல் முடிந்தது. ஆர்பின் அந்தப் பட்டங்களை வாரிசாகப் பெற்றதா? இல்லை. ஆர்பினே 2012 இல் ஷிடேக்கு எதிராக விளையாடிய கிளப். தனக்கு எதிராக ஆடிய அணியின் வரலாற்றைத் தன்னுடையது என்று எப்படிச் சொல்லும்?

#11 மாலைநேர ரசிகை

இது வலுவான வாதம்தான். கடற்காகம் அண்ணா, இதற்கு என்ன பதில்?

#12 கடற்காகம்

வலுவான வாதம். பதில் சொல்வதற்கு முன் கதையை முடிக்கிறேன், ஏனென்றால் பதில் அதற்குள் இருக்கிறது.

ஆர்பின் 2014 இல் கீழே இறங்கியது. யிஃபாங் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கியது. 2017 இல் இரண்டாம் நிலை லீக்கை வென்று மேலே வந்தார்கள். 2018 பிப்ரவரியில் திடீரென்று அத்லெடிகோ மாட்ரிடிலிருந்து கராஸ்கோ, கைதான் இருவரும் வந்து இறங்கினார்கள். பின்னணியில் யார்? வாங் ஜியன்லின். நிரந்தரமாக விலகுகிறேன் என்ற அதே மனிதர். அவருடைய வாண்டா 2015 இல் அத்லெடிகோவின் 20 சதவீதத்தை வாங்கியிருந்தது, இந்த இருவரும் வந்த அதே மாதம் அதை விற்றுவிட்டது. 20 வருடம் கழித்துத் தன் ஊர்க் கிளப்புக்குத் திரும்புகிறார்.

முதல் ஆட்டம், 2018 மார்ச், ஷாங்காய் எஸ்ஐபிஜி அரங்கில் 0-8. ஐரோப்பாவிலிருந்து இரண்டு பேரை வாங்கிவிட்டால் அணி ஆகிவிடாது. அந்த வருடம் எப்படியோ மீண்டார்கள். 2019 இல் நபோலியின் ஹாம்ஷிக், பிறகு ரோண்டோன், பயிற்சியாளராக ரஃபா பெனிடெஸ். சாம்பியன்ஸ் லீக் வென்ற பயிற்சியாளர் டாலியனில் அமர்ந்தும் அணி நடுவரிசையைத் தாண்டவில்லை. 2020 இல் பெயரை 'டாலியன் ரென்' என்று மாற்றினார்கள், கம்பெனி விளம்பரம் இல்லாத பெயர். 2021 ஜனவரியில் பெனிடெஸ் போனார். வாண்டாவும் கடன் சுமையில் சுருங்க ஆரம்பித்தது, பணம் நின்றது. அந்தப் பருவ முடிவில், சூப்பர் லீக்கில் நீடிப்பதற்கான பிளே-ஆஃபில் செங்டுவிடம் தோற்றும், மற்ற கிளப்புகள் மூடிக்கொண்டதால் தப்பித்தார்கள். 2023 இல் தப்பிக்க முடியவில்லை. 2024 ஜனவரியில் கடனைத் தீர்க்க முடியாமல் அந்தக் கிளப்பும் கலைந்தது.

சலிப்பு, கைது, கடன். வலது விங் சொன்ன மூன்றும் ஆயிற்று.

இந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது, அதையும் பதிவு செய்ய வேண்டும். வாண்டா ஊரில் பெரிய இளைஞர் பயிற்சி மையம் ஒன்றைக் கட்டியது. பெனிடெஸ் இளம் ஆட்டக்காரர்களை முதல் அணியில் இறக்கினார். கிளப் கலைந்த பிறகு அந்தப் பையன்களில் சிலர் யிங்போவுக்குப் போனார்கள்.

மையவட்டத்துக்கு என் பதில் இதுதான். கம்பெனிச் சட்டப்படி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் கால்பந்துக் கிளப்பை உண்டாக்குவது கம்பெனிப் பதிவு இல்லை. பயிற்சி கொடுத்தவர்கள், அவர்களிடம் கற்றவர்கள், பார்க்க வந்தவர்கள், இந்தத் தொடர்ச்சிதான் கிளப். லி மிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வாண்டா காலத்துப் பட்டங்களிலிருந்து ஷிடே காலம் வரை ஆடியவர், அப்புறம் இதே ஊரில் அடுத்து வந்த கிளப்பின் நிர்வாகத்திலும் வேலை செய்தார். அவருக்கு ஒவ்வொரு முறையும் வேறு கிளப் என்று தோன்றியிருக்குமா?

#13 பழைய மண்

லி மிங்குக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. ஜாங் என்ஹுவா 2021 இல் இறந்தபோது டாலியன் மக்கள் எப்படி அழுதார்கள் என்பது தெரியும். 48 வயது. அப்போது வாண்டாவும் இல்லை, ஷிடேயும் இல்லை. ஊர் அவரைத் தன் ஆட்டக்காரர் என்றுதான் சொன்னது.

#14 வலது விங்

ஹாவ் ஹைடோங் விஷயத்தையும் பேசிவிடலாம். வரலாறு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் அதை விட முடியாது.

2020 ஜூன் 4 அன்று அவர் வெளிநாட்டிலிருந்து ஒரு காணொளியில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். உடனே சீனச் சமூக ஊடகமான வெய்போவில் அவருடைய கணக்கு அழிக்கப்பட்டது. சீன விளையாட்டுத் தளங்களில் அவர் பெயரை எழுத முடியாத நிலை வந்தது. செர்பியாவில் ஆடிய அவர் மகனைக் கிளப் ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தது. தேசிய அணிக்கு அதிகக் கோல் அடித்தவர், டாலியனின் பல பட்டங்களுக்கு முன்கள ஆட்டக்காரர், சொந்த நாட்டில் பெயர் சொல்லக்கூடாதவர்.

அவருடைய அரசியல் கூட்டாளிகள் பற்றி எனக்கு நல்ல அபிப்ராயம் இல்லை. ஆனால் அவர் அடித்த கோல் அடித்த கோல்தான். நம் பட்டியலில் ஆட்டக்காரர்கள் பகுதி வந்தால் அவர் பெயர் முதல் வரியில் இருக்க வேண்டும்.

#15 மையவட்டம்

ஹாவ் பெயர் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமே இல்லை. அதே காரணத்துக்காகத்தான் மற்றதிலும் கறாராக இருக்கிறேன். ஒரு அரசு பிடிக்காத பெயரை நீக்குகிறது என்றால், பதிவு வைக்கும் நாம் பிடித்ததைச் சேர்க்கக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதுவோம்.

இன்னொன்று. டாலியனுக்கு இந்தச் சலுகை கொடுத்தால் லியாவோனிங்குக்கு என்ன செய்வீர்கள்? 1989-90 ஆசிய கிளப் சாம்பியன்ஷிப்பை வென்ற முதல் சீனக் கிளப். 2020 மே மாதம் கலைக்கப்பட்டது. ஜியாங்சு 2020 நவம்பரில் சூப்பர் லீக் பட்டம் வென்றது, 2021 பிப்ரவரி 28 அன்று மூடியது. பட்டத்தைப் பாதுகாக்க அடுத்த ஆட்டம்கூட ஆடவில்லை. ஜியாங்சுவின் ஊரான நான்ஜிங்கில் நாளைக்கு யாராவது ஒரு கிளப் தொடங்கினால் அந்தப் பட்டம் அவர்களுக்கா?

#16 மாலைநேர ரசிகை

இப்போது யிங்போவைப் பார்க்க எப்படி இருக்கிறது? யாராவது ஆட்டம் பார்க்கிறீர்களா?

#17 கடற்காகம்

பார்க்கிறேன் ரசிகை. ஆட்டத் தரம் சுமார்தான். அரங்கத்தைப் பார்த்தால் கண் கலங்கும்.

சுவோயூ விரிகுடாவில் கடலை மேடாக்கிக் கட்டிய கால்பந்து அரங்கம், ஏறத்தாழ 63,000 இருக்கை. 2023 ஆசியக் கோப்பைக்காகத் திட்டமிட்டது. கொரோனாவால் சீனா அந்தப் போட்டியை 2022 மே மாதம் கைவிட்டது. அரங்கம் மட்டும் எழுந்து நின்றது. அதில் ஆட வேண்டிய கிளப்போ கலைந்துகொண்டிருந்தது.

2024 ஜனவரியில் பழைய கிளப் போனது. அதே வருடம் யிங்போ மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு ஏறியிருந்தது. பெரிய நட்சத்திரம் கிடையாது. பெனிடெஸ் கிடையாது. இரண்டாம் நிலை லீக் ஆட்டத்துக்கு 60,000ஐத் தாண்டிக் கூட்டம் வந்தது. சூப்பர் லீக்கிலேயே பல கிளப்புகள் அந்தக் கூட்டத்தைக் கண்டதில்லை. அந்தப் பருவம் யுன்னானுக்கு அடுத்து இரண்டாவதாக முடித்து சூப்பர் லீக்குக்கு வந்துவிட்டார்கள்.

அந்த 60,000 பேரும் மூன்று வருடம் முன்பு பதிவான கம்பெனிக்காக வந்தார்கள் என்று சொன்னால் என்னால் நம்ப முடியவில்லை. 1994 இலிருந்து பார்த்தவர்கள் வந்தார்கள், தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். குவாங்சோவில் எவர்கிராண்ட் பணத்தோடு வந்த பட்டங்களும் உண்மையான பட்டங்கள்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டாலியனில் முதலாளி போன பிறகு முன்பைவிடக் கூட்டம் கூடுகிறது. சீனாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நான் பார்த்ததில்லை.

#18 வலது விங்

கடற்காகம், மனசு உங்கள் பக்கம் சாய்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. யிங்போவும் ஒரு முதலாளியின் கிளப்தான். ரசிகர்களுக்கு அதில் பங்கு கிடையாது, ஓட்டு கிடையாது. பெய்ஜிங் கிளப்பின் குவோஆன் என்ற பெயரைக் காப்பாற்ற ரசிகர்கள் திரண்டார்கள், பெயர் நின்றது. அதுகூடப் பெயர் வரைக்கும்தான். நகரத்துக்கோ ரசிகர்களுக்கோ சட்டப்படி ஒரு பங்கு இருந்தால்தான் இந்த மூன்று காரணங்களும் நான்காவது முறை நடக்காது. 2020 டிசம்பர் விதிகளில் பெயரை மாற்றச் சொன்னார்கள், ஒரு கிளப் வருடத்துக்கு 60 கோடி யுவானுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்றார்கள், வெளிநாட்டு ஆட்டக்காரர் சம்பளத்துக்கு 30 லட்சம் யூரோ வரம்பு வைத்தார்கள். கிளப் யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும் தொடவில்லை.

#19 மையவட்டம்

இதற்கு மேல் நாம் ஒருவரையொருவர் மாற்றப் போவதில்லை, பட்டியலை முடிப்போம். என் யோசனை:

கிளப் வரி: டாலியன் வாண்டா / ஷிடே. லீக் 8 (1994, 1996, 1997, 1998, 2000, 2001, 2002, 2005). கலைப்பு 2013.
அடுத்த வரி: டாலியன் ஆர்பின் / யிஃபாங் / ரென். முதல் நிலை லீக் 0. கலைப்பு 2024.
அடுத்த வரி: டாலியன் யிங்போ. 0. நடப்பில் உள்ளது.

யிங்போவுக்கு எதிரே 8 போட நான் சம்மதிக்க மாட்டேன்.

#20 கடற்காகம்

மூன்று வரியையும் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. பட்டியலைக் கிளப் பெயர் வரிசையில் அடுக்காமல் ஊர் வரிசையில் அடுக்குவோம். 'டாலியன்' என்று ஒரு தலைப்பு, அதன் கீழ் இந்த மூன்றும் அடுத்தடுத்து. தலைப்புக்கு எதிரே ஊரின் மொத்தம் 8. அப்படிச் செய்தால் நான்ஜிங், குவாங்சோ, லியாவோனிங் எல்லாவற்றுக்கும் அதே முறை பொருந்தும், யாருக்கும் தனிச்சலுகை இல்லை.

#21 மையவட்டம்

ஊர் வரிசைக்குச் சம்மதம். லியாவோனிங் மாகாணக் கிளப், ஷென்யாங், ஃபுஷுன் என்று அரங்கம் மாறிக்கொண்டே இருந்தது. அதை எந்த ஊரில் வைப்பது?

#22 பழைய மண்

அதற்குத் தனி இழை தொடங்குங்கள். அந்த அணியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.